வலப்பக்கப் பை

ஆள் பாதி, ஆடை பாதி என்று சொன்னவன் கையில் நாலு காசு வைத்திருந்தவனாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆள் முக்கால், ஆடை கால். அந்தக் காலை முழுசாகக் காட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. அந்த வித்தையில் பினாங்கு முழுக்கத் தேடினாலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது.

என் பெயர் காஜா மொய்தீன். பிட் தெருவில், கப்பித்தான் பள்ளிவாசலுக்கு எதிர்ச் சந்தில் எங்கள் வீடு. அத்தா நாசி கண்டார் விற்பவர். தோளில் கம்பு, அதன் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் மீன்கறியும் முட்டைக்கறியும். விடிந்ததும் துறைமுகத்துக்குப் புறப்பட்டால் பானை காலியான பிறகுதான் வீடு திரும்புவார். அந்தக் கம்பை நம்பித்தான் நாங்கள் சாப்பிட்டோம். அதை நம்பித்தான் நான் ஆங்கிலப் பள்ளியில் கடைசி வகுப்பு வரைக்கும் வந்தேன். ஆகவே, கோட்டு வேண்டும் என்று அவர் முன்னால் போய் நிற்க எனக்கு வாய் வராது. ஆனால் அழகாக உடுத்தும் ஆசையை அல்லா பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. எனக்கும் கொடுத்திருந்தான், கொஞ்சம் தாராளமாகவே.

என்னிடம் இருந்தவை இரண்டே வெள்ளைக் கால்சட்டைகள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். கொடியில் கிடப்பதை அரை ஈரத்தில் எடுத்து, மடிப்புப் பார்த்துப் பாய்க்கு அடியில் விரித்து, அதன் மேல் புரளாமல் படுத்துவிடுவேன். காலையில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். என் அக்கா ருக்கையா கல்யாணமாகிப் போகும் வரை, இவன் தூங்குகிறானா மவுத்தாகிவிட்டானா என்று என் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். துணிச் சப்பாத்துக்குச் சுண்ணக்கட்டியைக் குழைத்துப் பூசுவேன். மழை வந்தால் சப்பாத்தைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடுவேன். சட்டைக் காலர் நைந்துபோனால் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொள்வேன். நைந்த பக்கம் உள்ளே போய்விடும், நல்ல பக்கம் வெளியே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பாதிப் பேர் என்னை ஏதோ கடைத்தெரு முதலாளி வீட்டுப் பிள்ளை என்றே நினைத்திருந்தார்கள்.

டை வேண்டியிருந்தபோது அக்காவைக் கட்டிய மச்சானின் கிழிந்த கைலியில் கிழியாத ஒரு பாகத்தைப் பார்த்து வெட்டித் தைத்துக்கொண்டேன். பச்சையும் அரக்கும் கலந்த கட்டம் போட்ட கைலி. மறுநாள் எங்கள் ஆங்கில ஆசிரியர் ஹென்லி மாஸ்டர் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, இது எந்தப் பள்ளியின் டை என்று கேட்டார். அவர்கள் ஊரில் பள்ளிக்கு ஒரு டை, கழகத்துக்கு ஒரு டை உண்டாம். நான் உள்ளதைச் சொன்னேன். "பெலிக்காட், சார்." அந்தக் கைலிக்கு மலாயாவில் அதுதான் பெயர். மாஸ்டர் அதை இங்கிலாந்தில் எங்கோ இருக்கும் ஊர் என்று நினைத்தாரோ என்னவோ, ரொம்ப மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ஆக, கால்சட்டை உண்டு, சப்பாத்து உண்டு, டையும் உண்டு. இல்லாதது கோட்டு. அந்தக் கோட்டில்தான் என் மானமே மாட்டிக்கொண்டது.

வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் பள்ளிக்கும் ஊரின் இன்னொரு ஆங்கிலப் பள்ளிக்கும் சொற்போர் நடக்கும். பெரிய மண்டபம், வெள்ளைக்காரத் தலைவர், வெள்ளிக் கோப்பை. மேடை ஏறுகிறவன் கருநீலக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையும் டையும் அணிந்திருக்க வேண்டும் என்பது விதி. போன வருஷமே பேச்சில் நான்தான் முதல் ஆள். கோட்டு இல்லாத குற்றத்துக்காக நான் கீழே உட்கார்ந்தேன். என் பேச்சை ஷேக் அலாவுதீன் மேடையில் பேசினான். அலாவுதீனின் அத்தா கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் முதலாளி. அவனிடம் கோட்டு மூன்று இருந்தது. நான் எழுதிக் கொடுத்த வரிக்குச் சனம் கைதட்டியபோது, அவன் எனக்குப் பிடித்த இடங்களிலெல்லாம் தப்பாக மூச்சு விட்டான். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏறியது, ஆனால் இன்னொருவன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஏறியது. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

இந்த வருஷமும் ஹென்லி மாஸ்டர் என் பெயரையே முதலில் சொன்னார். உடனே அலாவுதீன் பெயரையும் சொன்னார். கோட்டு கிடைத்தால் நான், கிடைக்காவிட்டால் அவன். எனக்கு அதுதான் கடைசி வருஷம். விட்டால் மறுபடி மேடை கிடையாது. பேச வேண்டிய பொருளோ என்னைப் பார்த்துச் சிரிப்பது போல் இருந்தது. கீழ்நாட்டு மாணவன் மேல்நாட்டு உடை உடுத்துவது தகும் என்பதை எங்கள் பள்ளி நிலைநாட்ட வேண்டும். எதிர்ப் பள்ளி தகாது என்று வாதாடும்.

யாரிடமாவது இரவல் வாங்கேன் என்று அம்மா சொன்னாள். இரவல் சேலையில் கொய்சகம் வைத்துக் கட்டுகிற ஆள் நான் இல்லை. டிராம் காசை மிச்சம் பிடிக்கப் பள்ளிக்கு நடந்தே போய்வந்தேன். வெயிலில் நான் நடப்பதைக் கண்ட சீன ரிக்‌ஷாக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு வண்டியை நிறுத்திக்கூடப் பார்த்தார். சேர்ந்ததை எடுத்துக்கொண்டு அடகுக் கடை லெலோங்குக்குப் போனேன். மீட்காத சாமான்களை ஏலம் போடுவதற்கு இங்கே லெலோங் என்று பெயர்.

கடிகாரம், வெள்ளி வெற்றிலைப் பெட்டி, கட்டில் என்று போனபின் கடைசியில் துணி மூட்டை வந்தது. அதிலிருந்து ஒரு கோட்டை உதறித் தூக்கினார்கள். சபை சிரித்தது. நல்ல கம்பளித் துணிதான், கருநீலம்தான். ஆனால் அதைப் போட்டிருந்த வெள்ளைக்காரன் எங்கள் வீட்டு வாசலில் நுழைந்திருக்க மாட்டான், அவ்வளவு பருமன். அதுவும் தோளும் முதுகும் வெயிலில் காய்ந்து சாம்பல் நிறமாக வெளுத்துக் கிடந்தது. கந்தல் வாங்கும் சீன முதலாளி, தவுக்கே என்போம், ஒரு விலை சொன்னார். நான் அதற்கு மேல் கொஞ்சம் சொன்னேன். அவர் என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்து, இதற்குள் உன்னைப் போல் இரண்டு பேர் போகலாம் என்று மலாயில் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார். கோட்டு என்னுடையதாயிற்று. அந்துருண்டை வாசனை தும்மலை வரவழைத்தது. எனக்கு அது அத்தராகத்தான் பட்டது.

நேரே மச்சானிடம் ஓடினேன். ருக்கையா அக்காவின் மாப்பிள்ளை மீரா சாகிப், கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையின் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் நடைபாதையாக விட்டிருக்கும் தாழ்வாரத்தில், தையல் மிஷின் போட்டிருந்தார். ஜிப்பா தைப்பார், மலாய்க்காரர் போடும் பாஜுச் சட்டை தைப்பார், தலையணை உறை தைப்பார். கோட்டு மட்டும் தைத்ததில்லை. கோட்டைக் கண்டதும், ஆளை விடப்பா என்று கையெடுத்துக் கும்பிடாத குறைதான்.

"இது கோட்டா, கூடாரமாலா?" என்றார். பேச்சின் வாலில் ஒரு 'லா' ஒட்டுவது மலாயா வழக்கம்.

நான் உள்பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். வெளியேதான் வெளுத்திருந்தது. வெயில் படாத உள்பக்கம் புதுத் துணி போலக் கருநீலமாக இருந்தது. சட்டைக் காலரைத் திருப்புவது போல முழுக் கோட்டையும் திருப்பித் தைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். மச்சான் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, காலர் செய்கிறதைக் கோட்டு செய்யாதா என்று அவருக்கும் வீரம் வந்துவிட்டது.

இருந்த எல்லாத் தையலையும் பிரித்தார். அக்கா துண்டு துண்டாக அலசி நிழலில் போட்டாள். மச்சான் ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் போட்டு, என் அளவுக்கு வெட்டினார். முன்பக்கத்தை ஒட்ட நறுக்கியதில் பழைய பட்டன் துளைகள் கத்தரியோடு போய்விட்டன. புதிதாகத் துளை எடுத்தார். நெஞ்சுப் பையை மட்டும் அதே வெட்டில் வைத்துத் திருப்பித் தைத்தார். வாடிக்கையாளர் திட்டத் திட்ட, பாஜுக்களை ஒதுக்கிவைத்துவிட்டு அவர் இதே வேலையாக இருந்தார். என்னைவிட அவருக்கு வெறி ஏறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

போட்டுப் பார்த்த நாளை நான் மறக்க மாட்டேன். மிஷினுக்குப் பின்னால் தூணில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சோப்புக் கம்பெனிப் படம் ஒட்டியிருந்தார் மச்சான். அதில் ஒரு துரை கோட்டும் கைக்குட்டையுமாக எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். நான் கைக்குட்டையை மடித்து நெஞ்சுப் பையில் செருகினேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தேன், படத்தில் துரையைப் பார்த்தேன். அவருக்குத் தோள் எப்படியோ எனக்கும் அப்படி. அவருக்குப் பை எந்தப் பக்கமோ எனக்கும் அதே பக்கம். அச்சு அசல்.

"துரையே வந்து நிக்கிறாப்ல இருக்குலா," என்றார் மச்சான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுபோனால் கறி வாசனை ஏறிவிடும் என்பதால் கோட்டை மச்சானிடமே விட்டுவைத்தேன். சொற்போர் நாளன்று சாயங்காலம் அங்கேயே உடுத்திக்கொண்டு, சப்பாத்தில் தூசி படாமல் மண்டபத்துக்கு நடந்தேன். மச்சான் இரண்டு அடி பின்னால் வந்தார். என்னைப் பார்க்க வரவில்லை, கோட்டைப் பார்க்க வந்தார். அஞ்சடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, பார்க்கட்டும் என்று நானும் நிதானமாகவே நடந்தேன்.

மேடைக்குப் பின்னால் ஓர் அறை. இரண்டு பள்ளிகளின் பையன்களும் அங்கே நின்றார்கள். ஷேக் அலாவுதீனும் புதுக் கோட்டோடு வந்திருந்தான். எதற்கும் தயாராக இருக்கலாமே என்று வந்தேன் என்றான். என்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். கோட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனதை நான் கண்ணாரக் கண்டேன். பிறகு என் பக்கத்தில் வந்து நின்று, தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தான், என் நெஞ்சைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"என்னடா காஜா, ஒனக்குப் பை எதிர்ப்பக்கம் இருக்கு? இது திருப்பின கோட்டுலா!"

நான் குனிந்து பார்த்தேன். அவனுக்குப் பை இடப்பக்கம். ஹென்லி மாஸ்டருக்கு இடப்பக்கம். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் இடப்பக்கம். எனக்கு மட்டும் வலப்பக்கம். திருப்பினால் இடம் வலமாகும் என்பது எனக்கும் தோன்றவில்லை, மச்சானுக்கும் தோன்றவில்லை. எதிரே நிற்கும் படத்தோடு கண்ணாடியை ஒப்பிட்டால் தப்பு சரியாகத்தானே தெரியும்! துரையின் இடப்பக்கம் படத்தில் எங்கே தெரிந்ததோ, அங்கேதான் கண்ணாடியில் என் வலப்பக்கம் தெரிந்தது. இரண்டு பேரும் கண்ணாடியில்தான் பார்த்தோம், இரண்டு பேரும் ஏமாந்தோம். வாசலில் நின்ற மச்சான் என் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டு, நேற்று வரை பை அந்தப் பக்கம்தான் இருந்தது, இது ஜின்னு வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அலாவுதீனின் சிரிப்பு மெதுவான சிரிப்பு இல்லை. எதிர்ப் பள்ளியின் பேச்சாளன் லிம் சூன் கியாட் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். கையில் இருந்த காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டான். ஹென்லி மாஸ்டர் என்னைத் தனியே அழைத்தார். கோட்டு வேண்டும் என்பதுதான் விதி, பை எந்தப் பக்கம் என்று விதி சொல்லவில்லை, ஆனால் சபை சிரித்தால் தாங்குவாயா, இல்லை அலாவுதீனை அனுப்பட்டுமா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. இன்னொரு தடவை கீழே உட்கார்ந்து அவன் தப்பாக மூச்சு விடுவதைக் கேட்பதைவிட, ஊர் முழுக்கச் சிரிப்பதைக் கேட்கலாம் என்று பட்டது. நான்தான் பேசுவேன் என்றேன்.

அன்றைக்குத் தலைவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். நரைத்த மீசை, சிவந்த மூக்கு. மனிதருக்கு நல்ல ஜலதோஷம். எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கைகுலுக்கிக்கொண்டே வந்தார். லிம்முக்கும் எனக்கும் நடுவில் தும்மினார். இடப்பக்கத்துப் பையிலிருந்து வலது கையால் கைக்குட்டையை எடுத்தார், மூக்கைச் சிந்தினார், திரும்ப வைத்தார், அதே கையை எனக்கு நீட்டினார். ஈரமாக இருந்தது. கோட்டில் துடைக்கவும் முடியாது, கால்சட்டையில் துடைக்கவும் முடியாது. பிரித்த விரல்களோடு போய் உட்கார்ந்தேன்.

முதலில் நான் பேசினேன். மழைக்குக் குடை யார் கண்டுபிடித்தது என்று கேட்டுக்கொண்டா பிடிக்கிறோம், உடையும் அப்படித்தான் என்று ஆரம்பித்து, ஒழுங்காகவே பேசினேன். கைதட்டினார்கள். ஆனாலும் நெஞ்சுப் பை இருந்த இடம் நெருப்புப் பட்டது போலச் சுட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு லிம் எழுந்தான். நன்றாகப் பேசுவான், அதை மறுக்க மாட்டேன். காகிதத்தைக் கூடப் பார்க்காமல் என்னைக் கை காட்டினான். "மேல்நாட்டு உடை நமக்குப் பொருந்தும் என்கிறார் என் நண்பர். அவரையே பாருங்கள். உலகத்துக்கெல்லாம் பை இடப்பக்கம். இவருக்கு வலப்பக்கம். ஏனென்றால் இது பழைய கோட்டைத் திருப்பித் தைத்தது. ஆங்கிலத்தில் இவரைப் போன்றவருக்கு ஒரு பெயர் உண்டு. டர்ன்கோட்."

கோட்டைத் திருப்பியவன் என்பது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். கட்சி மாறிய துரோகி என்பதுதான் ஆங்கிலேயர் வழக்கு. சொந்த உடையை விட்டு அந்நிய உடைக்குத் தாவிய துரோகி, அதிலும் பழங்கோட்டுக்காரன் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டான். மண்டபம் அதிர்ந்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர்தான். ஹென்லி மாஸ்டர், மச்சான், நான். அலாவுதீன் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

எனக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது. என்னையறியாமல் கை பைக்குப் போய், கைக்குட்டையை எடுத்து, நெற்றியையும் மூக்கையும் துடைத்தது. துடைத்தபின்தான் பார்த்தேன். போனது இடது கை. வலது கை மேஜை மேல் இருந்தது இருந்தபடியே இருந்தது. அந்த நேரம் பார்த்து டாக்டர் மறுபடி தும்மினார். அவருடைய வலது கை இடப்பக்கப் பைக்குப் போயிற்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொல்ல என்னை அழைத்தபோது நான் சிரித்துக்கொண்டேதான் எழுந்தேன்.

"என் நண்பர் சொன்னது முழுக்க உண்மை," என்றேன். "இது பழைய கோட்டு. நான்தான் திருப்பச் சொன்னேன். பை வலப்பக்கம் இருக்கிறது. ஆனால் பை எதற்கு? கைக்குட்டைக்கு. கைக்குட்டை எதற்கு? மூக்குக்கு. இடப்பக்கம் பை வைத்தவர் வலது கையால் எடுக்கிறார், வலது கையால் மூக்கைத் துடைக்கிறார், அதே வலது கையை நமக்கு நீட்டுகிறார். நாமும் ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி வாங்கிக்கொள்கிறோம்."

சபையில் யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, உடனே வாயை மூடிக்கொண்டார். எல்லாருடைய கண்ணும் டாக்டர் மேல் போயிற்று. அவர் கையில் கைக்குட்டை இருந்தது. ஹென்லி மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன என்று நான் மேலே போனேன்.

"எங்கள் வீட்டில் வலது கை சாப்பிட, கொடுக்க, சலாம் சொல்ல. அசுத்தத்துக்கெல்லாம் இடது கை. சீன நண்பர் வீட்டிலும் விருந்தாளிக்கு அழுக்குக் கையை நீட்ட மாட்டார்கள். என் கோட்டு அதைத் தெரிந்து வைத்திருக்கிறது. இடது கை எடுக்கிறது, இடது கை துடைக்கிறது. வலது கை சுத்தமாக உங்களுக்காகக் காத்திருக்கிறது. நான் டர்ன்கோட்தான். மேல்நாட்டுக் கோட்டை வாங்கினேன், அதைச் சரியான பக்கத்துக்குத் திருப்பினேன். கீழ்நாட்டான் இந்த உடையை உடுத்தலாமா என்றா கேட்கிறீர்கள்? உடுத்தலாம். திருத்தவும் செய்யலாம்."

டாக்டர் தன் வலது கையைப் பார்த்தார். கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு சபை பார்த்துக்கொண்டிருக்க, கைக்குட்டையை மெதுவாக இடது கைக்கு மாற்றினார்.

அப்போது எழுந்த சிரிப்பு இருக்கிறதே, அது முன்பு எழுந்த சிரிப்பு அல்ல. அது என் பக்கத்துச் சிரிப்பு. பின் வரிசையில் சாலியா பையன்கள், அதாவது எங்கள் தமிழ் முஸ்லிம் பையன்கள், பெஞ்சைத் தட்டினார்கள். லிம் சூன் கியாட்டும் சிரித்துவிட்டான். தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஆங்கிலம் புரியாமல் நின்ற மச்சானுக்குப் பக்கத்தில் இருந்த யாரோ மலாயில் விளக்கிச் சொல்ல, அவர் பல்லைக் காட்டியவர் அப்புறம் மூடவே இல்லை.

கோப்பை எங்கள் பள்ளிக்கு வந்தது. சிறந்த பேச்சாளன் என்று என் பெயரைச் சொன்னார்கள். நான் மேடையில் டாக்டரின் முன்னால் போய் நின்றேன். அவர் வழக்கம் போல வலது கையை நீட்டினார். பாதி வழியில் நிறுத்தினார். இந்தக் கை இன்று சாயங்காலம் முழுக்க வேலை செய்திருக்கிறது, இளைஞனே என்று தணிந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டு அந்தக் கையை இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்து, எங்கள் ஆட்கள் சலாம் சொல்வது போலத் தலையைக் குனிந்தார். அவர் எங்கே அதைக் கற்றாரோ தெரியாது. நானும் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தேன். என் வலது கை குறுக்கே போகாமல் நேரே விழுந்த இடம் அந்தப் பை. அன்றைக்கு மட்டும் அல்ல, அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

அத்தாவிடம் கோப்பையைக் காட்டியபோது, அதில் எத்தனை கரண்டி கறி பிடிக்கும் என்று கேட்டார். பிறகு கம்பை இறக்கிவைத்துவிட்டு அதைத் தன் தோள் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் கடைத்தெருவில் மச்சானின் மிஷினுக்கு எதிரே ஒரு மோட்டார் வந்து நின்றது. ஷேக் அலாவுதீன் இறங்கினான். கையில் சீமைத் துணிக் கட்டு. என்னைக் கண்டதும் கொஞ்சம் நெளிந்தான். மச்சான்தான் கேட்டார், திருப்பித் தைக்கணுமா என்று.

"புதுத் துணிண்ணே. திருப்ப வேணாம்," என்றான். "ஆனா பை மட்டும் காஜாவுக்கு வச்சாப்ல வலது பக்கம் வைங்க."

வலப்பக்கம் பை வைப்பது தனி வேலை, கூலி கூடும் என்று மச்சான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னார். அலாவுதீன் பேரம் பேசவில்லை. அவனைத் தொடர்ந்து இரண்டு பள்ளிகளின் பையன்களும் வந்தார்கள். லிம்மும் வந்தான். பணம் இருந்தவர்கள் புதுத் துணி கொண்டுவந்தார்கள். எங்களைப் போன்றவர்கள் லெலோங்கில் வெளுத்த கோட்டு எடுத்து வந்து திருப்பிக்கொண்டார்கள். தலையணை உறை தைப்பதை மச்சான் விட்டே விட்டார்.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் வகுப்பைப் படம் பிடித்தார்கள். வரிசை வரிசையாகக் கருநீலக் கோட்டு, அத்தனை பேருக்கும் பை வலப்பக்கம். அதில் யாருடையது புதுக் கோட்டு, யாருடையது திருப்பிய கோட்டு என்று எந்த ஷேக் அலாவுதீன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் சொல்ல முடியாது.